கோட்டைக் காவலாளி சட்டையில் வெள்ளைப் பொடி

மலையுச்சிக் கோட்டையைக் கட்டிய ராஜாவுக்குச் சந்தேகம்தான் முதல் மந்திரி. சமையல்காரன் விஷம் வைத்துவிடுவான் என்று அடுப்படிக்குக் கதவே வைக்கவில்லை. ராணி எவனையாவது பார்ப்பாள் என்று ஜன்னலை ஒற்றைக் கண் அகலத்துக்கு மேல் விடவில்லை. கடைசியில், தன் நிழலே தன்னை வேவு பார்ப்பதாகப் பயந்து ஓடிப்போனான். எந்த எதிரியும் எட்டிப் பார்க்காத கோட்டை, ஆளில்லாமல் தானாகவே இடிந்து விழுந்தது.

ராஜாதான் போனான், அவன் சந்தேகம் பல நூறு வருஷம் கழித்து மலையிறங்கி, அடிவாரத்துத் தையல்காரியிடம் குடியேறிவிட்டது. அவள் புருஷன் கோட்டைக் காவலாளி. சில நாட்களாக, விடுமுறையன்றும் மலையேறினான். இரண்டு ஆள் சாப்பாடு கேட்டான். திரும்பும்போது சட்டைத் தோளில் வெள்ளைப் பொடி.

"பவுடரேதான்," என்றாள் பக்கத்து வீட்டு இஸ்திரிக்காரி. "எங்க வீட்டுக்காரர் சட்டையில வேர்வையைத் தவிர ஒண்ணும் ஒட்டாதுக்கா."

"உன் வீட்டுக்காரர்கிட்ட வேற எதுடி ஒட்டும்?" என்று தையல்காரி அவள் வாயை அடைத்தாளே தவிர, அந்தப் பவுடரை மறக்க முடியவில்லை. இத்தனை வருஷக் குடித்தனம் அவ்வளவுதானா? மெஷினை அப்படியே விட்டுவிட்டு மலையேறினாள்.

காவல் கோபுரத்துக்குப் பின்னால், கை நிறையச் சுண்ணாம்போடு அவன் கல் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"எங்க அவ?"

"எவ?"

"ரெண்டு சாப்பாடு தின்னவ!"

"கல்லு தூக்கினா பசிக்காதாடி? போன மழையில சுவரு மொத்தமா விழுந்துடுச்சு. நாளைக்குத் தொல்லியல் ஆபீசர் பார்வையிட வரார். பார்க்க ஒண்ணும் மிச்சமில்லைன்னா கோட்டையை மூடிடுவாங்க. அப்புறம் என் வேலை?"

அவளுக்குப் போன உயிர் வந்தது. ஆனால், இன்னொருத்தியைத் தேடி வந்த கண் இப்போது சுவரைத் துருவியது. விளிம்பு மடித்துத் தைத்ததுபோல் நூல் பிடித்த நேர்த்தி.

"இடிஞ்ச கோட்டைன்னுதானே டிக்கெட் கிழிக்கிறீங்க? இது நேத்துப் பால் காய்ச்சின வீடு மாதிரியில்ல இருக்கு! ஆபீசர் கண்ணுல என்ன பூவா விழுந்திருக்கு?"

"இப்ப என்னடி பண்றது?"

அவள் சுவரின் மூலையில் காலை வைத்து ஓங்கி ஓர் உதை விட்டாள். கற்கள் கடகடவென்று உருண்டன.

"போதும்டி, போதும்!"

"சும்மா இருங்க. ராஜா காலத்துல இடிஞ்ச மாதிரி இருக்கணும்."

மறுநாள் ஆபீசர் அந்த மூலையில் நின்று, "காலம் என்னமா சிதைச்சிருக்கு!" என்று உருகினார். கோட்டையும் தப்பியது, வேலையும் தப்பியது.

தையல்காரி மட்டும் புருஷன் காதைக் கடித்தாள்: "இவ்வளவு சுலபமா நம்பறாரே, ஆளு நிஜ ஆபீசர்தானா?"