நல்ல தோலுக்கு மட்டும் எண்ணெய்

1. ஏற்றுமதிக்காரர் ஒருவர் ஒரு கட்டுத் தோல் பைகளை எங்கள் தாராவிப் பட்டறைக்குத் திருப்பி அனுப்பினார். தோலில் உண்ணி கடித்த தழும்புகள். இன்னொரு முறை இப்படி வந்தால் ஆர்டர் கிடையாது என்றார்.

2. படத்தைப் பார்த்தே தழும்பைக் கண்டுபிடிக்கும் நியூரல் நெட்வொர்க் ஒன்றைச் செய்து தருவதாக வாப்பாவிடம் சொன்னேன். நான் படித்தது அதைத்தான்.

3. எனக்கு வார நாளெல்லாம் அலுவலகம். அதனால் பட்டறையில் தோல் பிரிக்கும் மாமி, வாப்பாவின் தங்கை, தன் போனில் படமெடுத்து அனுப்பினார். நல்லது தனி, கழிசல் தனி.

4. அந்தப் படங்களில் நெட்வொர்க்குக்குப் பயிற்சி கொடுத்தேன்; கொஞ்சத்தை ஒதுக்கிவைத்து, அவற்றில் சோதித்தேன். ஏறக்குறைய எல்லாமே சரி.

5. பட்டறையில் தோல் பிரிக்கும் மேசைக்கு மேல் கேமராவைப் பொருத்திய அன்று, வந்த தோல் அத்தனையையும் நெட்வொர்க் கழிசல் என்றது.

நெட்வொர்க்கின் அமைப்பில்தான் கோளாறு என்று நினைத்தேன். சுனாபட்டி ஸ்டேஷனிலிருந்து அலுவலகத்துக்கு ரயிலில் போகும்போதெல்லாம் புதிய ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தேன். அடுக்குகளைக் கூட்டினேன். வேறு அமைப்புக்கு மாறினேன். இரண்டு வாரம் போனது. எதைப் போட்டாலும் கழிசல்தான்.

அந்தக் கட்டுரைகளில் ஒரு சோதனை திரும்பத் திரும்ப வந்தது. படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்து, எந்த இடத்தில் பதில் மாறுகிறது என்று பார்ப்பது. மாமியின் படங்களையே எடுத்துக்கொண்டேன். இருட்டாக்கினேன், திருப்பினேன், மாறவில்லை. தழும்பை முழுக்க மறைத்தேன். அப்போதும் கழிசல் என்றது. அது தழும்பைப் பார்க்கவே இல்லை. கடைசியில் நல்ல தோலின் பளபளப்பைக் குறைத்தேன். உடனே கழிசலாகிவிட்டது.

நேரே பட்டறைக்குப் போனேன்.

"மாமி, போட்டோ எடுக்க முன்னாடி தோல என்ன செஞ்சிய?"

"எண்ணெத் துணிய வச்சு ஒரு தொட தொடச்சேன். மூஞ்சி கழுவாம எவளாவது போட்டோவுக்கு நிப்பாளாட்டி?"

"எல்லாத்தையுமா?"

"நல்லத மட்டுந்தான். கழிசலுக்கு எதுக்கு மேக்கப்பு?"

தையல் மெஷினை நிறுத்திவிட்டு வாப்பா சிரித்தார். "ரெண்டு வாரமா கம்ப்யூட்டரத் திட்டிட்டு கெடந்தியே, மொதல்லயே இவகிட்ட கேக்க வேண்டியதுதான?"

கேட்டிருக்க வேண்டும். நெட்வொர்க் கற்றது எண்ணெய்ப் பளபளப்பை; மேசைக்கு வந்த தோலிலோ எண்ணெயே இல்லை. படமெடுக்கும்போது ஒருநாள்கூட நான் பக்கத்தில் நிற்கவில்லை.

முதலில் செய்த சின்ன நெட்வொர்க்குக்கே திரும்பினேன். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் நானே படமெடுத்தேன். ஒவ்வொரு தோலையும் தூசியோடு, துடைத்து, எண்ணெய் தடவி, டியூப்லைட்டில், வாசல் வெளிச்சத்தில். மாமிக்கு இது விளையாட்டாகிவிட்டது. மோசமான தோலாகத் தேடி எடுத்து, எண்ணெயில் பளபளக்க வைத்து கேமராவுக்கு அடியில் விரிப்பார்.

"இந்தா, கல்யாணப் பொண்ணு வாரா. எங்க, கண்டுபிடிக்கச் சொல்லு பாப்போம்."

முதல் வாரம் மாமி ஜெயித்தார். அவர் ஏமாற்றிய ஒவ்வொரு தோலையும் பயிற்சியில் சேர்த்தேன். நான்காவது வாரம் அவர் விரித்த மூன்று கல்யாணப் பெண்களும் பிடிபட்டார்கள்.

"போட்டீ, பொல்லாத கண்ணு," என்று மாமி துணியை வீசினார்.

இப்போது நிலைமை இதுதான். உண்ணித் தழும்பைப் பிடிக்கிறது. மெல்லிய முள் கீறலைச் சிலசமயம் தவறவிடுகிறது. அதற்கான படங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை, அது நல்லதென்று சொன்ன தோலையும் மாமி ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வெட்டக் கொடுக்கிறார். இரண்டு கட்டுப் பைகள் போயிருக்கின்றன. ஒன்றும் திரும்பவில்லை. ஆர்டர் எங்களிடம் இருக்கிறது.