சுவரில் மாட்டிய நிலம்

நான் நிலவியல் பட்டதாரி. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம். பேய் என்றால் சிரிக்கிறவள். அந்தச் செவ்வாய்க்கிழமை கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுகிறேன். நம்பாவிட்டால் போங்கள்.

எங்கள் ஊர் மெக்சிகோவின் வடபகுதியில், சொனோரா பாலைவனத்தில். தம்பி ராம்செஸ் வேலைக்குப் போனவன், திரும்பவில்லை. இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. அதிகாரிகள் தேடவில்லை. அம்மாக்கள்தான் தேடுகிறார்கள். நீண்ட இரும்புக் கம்பியைச் சுத்தியலால் மண்ணில் அடித்து இறக்குவார்கள். உருவி, நுனியை மோந்து பார்ப்பார்கள். கீழே பிணம் இருந்தால் கம்பியில் நாற்றம் தெரிந்துவிடும். அடித்து அடித்து அம்மாவின் கம்பி மேல்முனை வளைந்துவிட்டது.

காணாமல் போனவர்களுக்கான அலுவலகத்தில் மாதம் ஒருமுறை எங்களைக் காக்க வைப்பார்கள். எதிர்ச் சுவரில் ஒரு அச்சுப் படம். சாம்பல், மங்கிய பழுப்பு, வெளிறிய பச்சை... பட்டை பட்டையாக ஏதோ ஒரு நிலம். மரமில்லை, ஆளில்லை.

"பாத்தா மனசு அமைதியாகுமாம்," என்றாள் எங்களோடு தேடும் சாயோ அக்கா. "யாரு மனசு? அவனுங்க மனசா?"

"மெதுவாப் பேசு சாயோ. குமாஸ்தா நம்ம ஃபைலை அடியில தள்ளிருவான்," என்றாள் அம்மா.

அந்தச் செவ்வாய், காலை 11.10. படத்தின் நடுவில் மெல்லிய கோடு. ஒன்பது மணிக்கு அது இல்லை.

12.40. ஏழு கோடுகள். மண்ணில் குத்தி நிறுத்தியதுபோல, செங்குத்தாக.

பிறகு சத்தம். டங்... டங்... சுவருக்குள்ளிருந்து.

குமாஸ்தா நிமிரவில்லை.

2.15. இன்னொரு கோடு. அதன் மேல்முனை வளைந்திருந்தது.

அம்மா எழுந்தாள். படத்தின் கண்ணாடியில் மூக்கை வைத்தாள்.

எனக்கும் அடித்தது... அந்த நாற்றம்.

"ஏம்மா, படத்தைத் தொடாதீங்க," என்றான் குமாஸ்தா. "போய் உக்காருங்க."

வீட்டுக்கு வந்தபோது மாலை 5.20. கதவுக்குப் பின்னால் அம்மாவின் கம்பி. எட்டு நாளாக யாரும் தொடவில்லை.

நுனி ஈரமாக இருந்தது.

படத்திலிருந்த அதே சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. இந்த மாநிலத்து மண்ணையெல்லாம் கையில் அளைந்து படித்தவள் நான். அது மண்ணே இல்லை.

அம்மா மோந்தாள்.

"உன் தம்பிதான்," என்றாள். அழவில்லை. "அந்தப் படத்துல இருக்கறது எந்த இடம்னு கேளு. நீ படிச்சவதானே."

மறுநாள் காலை 9.05. படத்தின் மூலையில் பெயர் போட்டிருந்த அச்சுக் கடைக்குப் போன் செய்தேன்.

"அது எந்த ஊரும் இல்லீங்க," என்றான் கடைக்காரன். "ஆபீஸ் சோபா நிறத்துக்குப் பொருத்தமா கம்ப்யூட்டர்ல போட்டது. அப்படி ஒரு இடமே கிடையாது."

போனை வைத்தேன்.

வாசலில் அம்மா மண்வெட்டியோடு தயாராக நின்றாள்.

"எந்தப் பக்கம் போகணும்?" என்றாள்.