தாத்தாவுக்குப் பின்னால்

பெருமாநல்லூரில் பேருந்துக்கு நிற்கிறேன். எதிரே பனியன் கம்பெனி வாசலில் வேனிலிருந்து மூட்டைகள் இறங்குகின்றன. ஒருவர் மட்டும் மூட்டையைத் தலையில் வைக்காமல் முதுகில் ஏற்றி, அதைத் தாங்கும் துணிப் பட்டையை நெற்றியில் மாட்டி நடக்கிறார். நாற்பது வயதிருக்கும்.

டீ குடிக்க இந்தப் பக்கம் வந்த அவரிடம் ஊரைக் கேட்கிறேன். பல வருடம் இங்கேயே இருப்பவர் போல, எங்கள் ஊர்த் தமிழிலேயே சொல்கிறார்.

“அருணாச்சலப் பிரதேசங்க. பர்மா எல்லைக்குப் பக்கம்.”

உடனே எனக்குப் பேச்சு வந்துவிடுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது அந்தக் காட்டையும் மலையையும் வெட்டி பர்மாவுக்குச் சாலை போட்ட ராணுவப் பொறியாளர்களில் என் தாத்தாவும் ஒருவர். கைபேசியில் படத்தைக் காட்டுகிறேன். சேற்றுச் சாலையில் தொப்பியோடு நிற்கிறார் தாத்தா.

அவர் தாத்தாவைப் பார்க்கவில்லை. பின்னால் மங்கலாகத் தெரிகிறவர்களை விரலால் பெரிதாக்குகிறார். முதுகில் கல் நிரம்பிய கூடைகள், நெற்றியில் பட்டை.

“எங்க ஆளுங்க மாதிரி இருக்குதுங்க. இவங்க பேரு தெரியுமாங்க?”

“தெரியலைங்க.”

“பரவாயில்லீங்க. படத்துல இருக்காங்கல்லீங்க, அது போதுங்க.”

தலையாட்டுகிறேன். வீட்டுக் கூடத்தில் மாட்டுவதற்காக இந்தப் படத்தைப் பெரிதாக்கியபோது, தாத்தா மட்டும் போதும், பின்னால் இருக்கிற கூட்டத்தை வெட்டிவிடுங்கள் என்று ஸ்டுடியோக்காரரிடம் சொன்னவன் நான்தான்.