மாலை வண்டியின் தேய்ந்த கேம்

மோட்டார் சைக்கிள் பட்டறை நடத்துகிறவனுக்கு வண்டிகளால் தொல்லை இல்லை. அவை வாய் திறந்து காரணம் சொல்வதில்லை. வாடிக்கையாளரை நம்பிச் சோறு தின்னும் சக பாவிகளே, உங்களுக்கு இது புரியும்.

எரிந்த விளக்கு

தேக்காவில் ஒரு பூக்கடையின் மாலைகளைத் தீவெங்கும் கொண்டுபோய்க் கொடுப்பவர் கண்ணையா அண்ணன். புக்கிட் பாஞ்சாங் பக்கம் இருக்கும் என் பட்டறைக்கு ஒருநாள் அவர் வருவதற்கு முன்பே அவருடைய வண்டிச் சத்தம் வந்துவிட்டது: டக், டக், டக். இன்ஜினைத் திறந்தேன். வால்வுகளைத் தள்ளித் திறக்கும் தண்டுக்குப் பெயர் கேம். அதில் முட்டை வடிவத்தில் மேடுகள் இருக்க வேண்டும். அண்ணனுடையதில் அவை சப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி இருந்தன.

வண்டி நின்றால் அண்ணனுக்கு வேலை போய்விடும். வேன் வாங்கி வேறு ஆளைப் போடுவதாகக் கடைக்கார அக்கா ஏற்கெனவே சொல்லியிருந்தார். அண்ணனிடம் வேன் லைசென்ஸ் கிடையாது. புது கேமின் விலையைச் சொன்னேன். அண்ணன் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கி முகத்தை மூடிக்கொண்டார். "ஆயில் குறைஞ்சுதான் இப்படித் தேஞ்சிருக்கு. சிவப்பு லைட் எரிஞ்சிருக்குமே அண்ணே?" என்று கேட்டேன்.

"எரிஞ்சுச்சு தம்பி. விடியக்காலையில வெளிச்சமா இருக்கேன்னு விட்டுட்டேன் லா."

ஜோகூர் சரக்கு

பழைய கேம் எல்லை தாண்டி ஜோகூரில் மலிவாகக் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, அண்ணன் உட்லண்ட்ஸ் வழியாக பஸ்ஸில் போய் வந்தார். வாங்கிய கேமை வாழையிலையில் சுற்றி, நாரால் கட்டி, தண்ணீர் தெளித்துக் கொண்டுவந்தார். வாடாமல் இருக்கவாம். பிரித்துப் பார்த்தேன். மாடல் சரிதான். தேய்மானம்தான் அவருடையதைவிட ஒரு படி மேல். இதை மாட்டுவதும் ஒன்று, சும்மா இருப்பதும் ஒன்று என்றேன். அண்ணன் விடவில்லை.

"நம்மளோடது இங்க தேஞ்சது தம்பி. இது வெளிநாட்டுல தேஞ்சது லா."

அர்ச்சனை

கடைசியில் நானே பழைய இரும்புக் கிடங்கில் ஒரு நல்ல கேமைப் பிடித்தேன். நம் ஊரில் வண்டி பிறக்கும்போதே அது சாகும் தேதியும் எழுதப்பட்டுவிடுகிறது. சிஓஇ என்னும் உரிமத்துக்குப் பத்து வருடம் ஆயுள். புதுப்பிக்க வசதி இல்லையென்றால் நல்ல உடம்போடு கிடங்குக்குப் போக வேண்டியதுதான். அப்படிப் போன ஒரு வண்டியின் கேம் அது. மேடுகள் பளபளவென்று இருந்தன.

மாட்டுவதற்கு முன் பூஜை போட வேண்டும் என்று அண்ணன் அதைக் காத்தோங் பிள்ளையார் கோவிலுக்குத் தூக்கிப் போனார். திரும்பி வந்தபோது மேட்டுக்கு மேடு சந்தனம், குங்குமம், நடுவில் மல்லிகைச் சரம். அப்படியே மாட்டச் சொன்னார். நான் பெட்ரோலில் கழுவினேன். கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பேச்சை மாற்றுவதற்காக, அர்ச்சனை யார் பேருக்கு என்று கேட்டேன்.

"வண்டி நம்பருக்குத்தான். நட்சத்திரம் கேட்டாங்க, சிஓஇ முடியிற தேதியச் சொன்னேன்."

சத்தம் நின்றது

வண்டி பூனை மாதிரி போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுவாரம் அண்ணன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். இத்தனை காலமும் அடுக்குமாடி வீடுகளில் இருந்தவர்கள் அந்த டக் டக்கைக் கேட்டுத்தான் மாலை வாங்கக் கீழே இறங்கியிருக்கிறார்கள். இப்போது யாரும் வருவதில்லை. அண்ணனே மாடி மாடியாகப் போகிறார், மாலைகள் தாமதமாகின்றன, அக்கா மறுபடி வேன் பேச்சை எடுத்துவிட்டார். ஹாரன் அடிக்கக் கூடாதா என்றேன். அடித்தாராம், யாரோ எவரோ என்று இருந்துவிட்டார்களாம். ஒழுங்காகச் செய்த வேலையே ஒருவர் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டது.

"அந்த ஜோகூர் கேமைத் தூக்கிப் போட்டுட்டியா தம்பி?"

அதை மாட்டவில்லை. செயின் மூடியில் ஒரே ஒரு திருகைத் தளர்த்திவிட்டேன். சத்தம் உண்டு, ஆபத்து இல்லை. ஆட்கள் மறுபடி கீழே இறங்கினார்கள், அக்கா வேனை மறந்தார், அண்ணன் ஒரு மாலையோடு பட்டறைக்கு வந்தார்.

இத்தனை வருடம் சத்தத்தை நிறுத்தியதற்கு என் கழுத்தில் விழாத மாலை, சத்தத்தை வரவழைத்ததற்குத்தான் விழுந்தது.