மூன்று மூச்சு

ஜோசப்ராஜ் எண்பத்து நான்கில் செய்த தப்பு என்னவென்று அவருக்கே தொண்ணூற்றிரண்டில்தான் தெரிந்தது. எட்டு வருஷமாக அதை நல்ல காரியம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பெயிண்ட் கம்பெனி. அங்கே தொட்டி கழுவுவது அவருக்கும் கூட்டாளி பாஸ்கலுக்கும் வேலை. முன்பு பாரிவாக்கத்தில் கிணறு தூர் வாரியபோது, எரியும் விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்கள். அணைந்தால் இறங்கமாட்டார்கள். பெயிண்ட் கம்பெனியில் தீக்குச்சி கிழித்தாலே வேலை போய்விடும். அதனால் ஜோசப்ராஜ் தொட்டி வாயில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார். தின்னர் வாடை துளியும் இல்லை.

"எறங்கு மாமே" என்றார்.

தீப்பிடிக்காதிருக்க முந்தின ஷிப்டில் தொட்டிக்குள் நைட்ரஜன் அடைத்திருந்தார்கள். அது உள்ளேயிருந்த காற்றையெல்லாம் வெளியே தள்ளிவிட்டிருந்தது. அதற்கு வாடையும் கிடையாது. ஒரு அட்டையாவது எழுதி மாட்டியிருக்கலாம்; அந்தப் புண்ணியவான்களுக்கு அது தோன்றவில்லை.

"தல சுத்துதுடா" என்றான் பாஸ்கல், உள்ளேயிருந்து.

"மூச்ச நல்லா இஸ்து உடு, சரியாப் பூடும்!" என்று ஜோசப்ராஜ் கத்தினார்.

பாஸ்கல் அண்ணாந்து அவரைப் பார்த்தபடியே மூன்று தரம் நெஞ்சு விம்ம இழுத்தான். அப்புறம் சரிந்தான். வெளியே வர ஏணியில் ஆறே படி.

அந்த மூச்சு ஜோசப்ராஜை விடவில்லை. பஸ்ஸில், கல்யாணப் பந்தியில், கோயில் பூசையில், பக்கத்தில் யாரோ இழுப்பது கேட்கும். எண்ணுவார். மூன்றோடு நிற்கும். ஆனாலும் கல்லறைத் திருநாள்தோறும் பாஸ்கலின் மனைவி ஞானகுமாரி, "கடைசி வரிக்கும் நீ கொரல் குட்த்தியாமே அண்ணே" என்று நன்றியோடு சொல்லும்போது கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

தொண்ணூற்றிரண்டில் மகள் தெரசா பிளஸ் டூ பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். விலங்கு செல்லின் சவ்வில் ஆக்சிஜனுக்குக் கதவு கிடையாதாம், சுமந்து போக ஆளும் வேண்டாமாம். சவ்வின் கொழுப்பில் தானே கரைந்து, அதிகமாக இருக்கும் பக்கத்திலிருந்து குறைவாக இருக்கும் பக்கத்துக்குப் போய்விடுமாம்.

"வெளிய ஒண்ணுமே இல்லாட்டி?" என்றார் ஜோசப்ராஜ்.

"அப்ப உள்ள கீறது வெளிய பூடும் நைனா. சவ்வு தடுக்காது. ஒவ்வொரு மூச்சுக்கும் ரத்தத்துல கீறத வாரிக்கினு பூடும்."

"மூச்ச அடக்கிக்கினா?"

"கொஞ்ச நேரம் தாங்கும். ஏன் நைனா?"

மூச்சை அடக்கிக்கொண்டு ஆறு படி ஏறியிருந்தால் பாஸ்கல் பிழைத்திருப்பான். இழு என்று சொன்ன வாய் அவருடையது. ஞானகுமாரியின் நன்றியை இனி எந்த முகத்தோடு வாங்குவது?

அந்த நவம்பரில் கல்லறையருகே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மண்ணை வாரித் தூற்றுவாள் என்றுதான் நினைத்தார். அவள் சிலுவையில் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

"அவரு யாரு பேச்சயும் கேக்க மாட்டாருண்ணே" என்றாள். "ஒன் பேச்ச மட்டுந்தான் கேப்பாரு."