மைக்கில் போன ஜெபம்

கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் ஆலையொன்றில் ஜெயராஜுக்கு இருக்கும் ஒரே பெயர் 'ஹெல்பர்'. தலை நரைத்த மனுஷனாயிற்றே என்று யாரும் பார்ப்பதில்லை. நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூட அப்படித்தான் கூப்பிடுவான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கதை வேறு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சபையில் அவர் மூப்பர் ஐயா. வெள்ளைச் சட்டையும் கையில் மைக்குமாக அவர் ஜெபிக்க ஆரம்பித்தால், வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்று யோசித்துக்கொண்டிருப்பவளும் அழுதுவிடுவாள். கூரைமேல் கட்டிய ஸ்பீக்கர் அந்தக் குரலை டீக்கடை வரைக்கும் கொண்டுபோகும்.

அதே ஆலையில் வேலை செய்யும் அன்பு, ஒருநாள் ஷிஃப்ட் முடிந்ததும் சைக்கிள் ஸ்டாண்டில் அவரைத் தனியாகப் பிடித்தான்.

"அண்ணா, குடிய உட்டுட்டேன்னு சபையில சாட்சி சொன்னேன்ல. திரும்ப குடிச்சிக்கினு இருக்கேன். ஊட்ல சோனியாவுக்கு மட்டும்தான் தெரியும். நீங்க எனக்காக ஜெபம் பண்ணுங்கண்ணா. வெளிய தெரிய வேணாம்."

ஜெயராஜ் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். உண்மையிலேயே மனம் இளகித்தான் தட்டினார். ஆனால் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் மைக் கைக்கு வந்ததும் நாக்கு நிற்கவில்லை. "குடிப் பிசாசின் பிடியில் கிடக்கும் எங்கள் சகோதரன் அன்புவை விடுவியும், ஆண்டவரே" என்று கதறினார். சபையே ஆமென் என்று அலறியது.

மறுநாள் டீக்கடையில் அன்புவைக் கண்டதும் ஒருவன் மூப்பரின் குரலிலேயே அந்த ஜெபத்தைச் சொல்லிக் காட்டினான். அதோடு அன்பு சபைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சபையார் சும்மா விடுவார்களா? குடிக்கிறவன், ஆராதனைக்கும் வராதவன் என்று அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்திலிருந்து அவனை விலக்கிவைக்கத் தீர்மானித்தார்கள். அதை அவனிடம் போய்ச் சொல்லிக் கண்டித்துவிட்டு வரும் பொறுப்பு ஜெயராஜுக்கே வந்தது.

போனபோது அன்பு வேலையில் இருந்தான். அவன் மனைவி சோனியா வாசலிலேயே நின்றாள்.

"தங்கச்சி, சபையில ஒரு முடிவு எடுத்துக்கீறோம்."

"இருக்கட்டும்ணா. அவரு உங்களாண்ட மட்டும்தான சொன்னாரு? அது எப்டி மைக்ல வந்துச்சு?"

ஜெயராஜ் வாசற்படியிலிருந்து ஓரடி பின்வாங்கினார்.

"அவராண்ட தனியா ஒரு வார்த்தை பேசுங்கண்ணா. ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஊட்லதான் இருப்பாரு. உங்கள ரொம்ப நம்புனாரு."

திரும்பி நடக்கும்போதுதான் அவருக்கு அது ஞாபகம் வந்தது. அன்றைக்கு ஆமென் சத்தம் எழுந்தபோது, யார் யார் அழுகிறார்கள் என்று ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்திருந்தார். பார்த்துச் சந்தோஷப்பட்டும் இருந்தார். கண்டிக்கப் போனவருக்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது. ஞாயிறு சாயங்காலம் அன்புவின் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும், அவனைத் தொலைத்துவிடக் கூடாது என்று முடிவு செய்தார்.

சாயங்காலம் வரைக்கும் பொறுத்திருக்கலாம். காலை ஆராதனையில் பாஸ்டர் மைக்கை நீட்டினார். ஜெயராஜ் எழுந்தார். "அன்பு தன் குடியை என்னிடம் ரகசியமாகச் சொன்னான். நான் பெருமைக்காக அதை வெளியே போட்டேன். நான்தான் பெரிய பாவி" என்று குரல் உடைந்து அழுதார். சபையே அழுதது. தாழ்மை என்றால் இதுவல்லவா என்று ஒருத்தர் பாஸ்டரின் காதில் சொன்னார். ஜெயராஜின் ஒற்றைக் கண் மெல்லத் திறந்து வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனது. பாதியில் அவருக்கே அது தெரிந்துவிட்டது. மைக் கையிலேயே இருந்தது.

சாயங்காலம் கதவைத் திறந்த அன்புவின்மேல் சாராய வாடை அடித்தது.

"கேட்டேன்ணா. ஸ்பீக்கர்லதான் வந்துச்சே."

"தம்பி, உங்கிட்ட தனியா..."

"நான் குடிக்கிறது போன தபாவே ஊருக்குத் தெரிஞ்சிப்போச்சு. இந்தத் தபா நீங்க எவ்ளோ நல்லவர்னும் தெரிஞ்சிப்போச்சு. இன்னும் இன்னாண்ணா பாக்கி?"

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே சோனியா அழும் சத்தம் கேட்டது. ஜெயராஜ் அங்கேயே முழங்கால் போட்டு, "ஆண்டவரே, என் சகோதரன் அன்புவை" என்று ஆரம்பித்தார். குரல் வழக்கம்போல் அழகாக ஏறியது. எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. அவர் தன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.