சந்திரன் அண்ணையின் டிஸ்க்

இன்று என் நிரல் முதல்முறையாகச் சரியாக வேலை செய்தது. தயவுசெய்து யாரும் வாழ்த்த வேண்டாம்.

கணினியின் இயங்குதளம் நொறுங்கி விழும் கணத்தில், நினைவகத்தில் இருப்பதையெல்லாம் டிஸ்கில் எழுதிவைக்க வேண்டும். பிறகு அதைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கலாம். மூன்று மாதமாக மொன்றியல் அலுவலகத்தில் இதுதான் என் வேலை. சோதிப்பதற்கு மெஷினை வேண்டுமென்றே நொறுக்க வேண்டும்.

மத்தியானம் நொறுக்கினேன். ஒரு பைட் குறையாமல் எழுதியது. சந்தோஷத்தில் கை தட்டினேன்.

பக்கத்து மேசைச் சந்திரன் அண்ணை எழுந்து வந்தார். மட்டக்களப்புக்காரர்.

"தம்பி, அதுக்குள்ள என்ர டிஸ்கும் கிடக்கு. சீடியில பதிய எண்டு காலமை இந்த மெஷினில பூட்டினனான்."

புது டிஸ்க் வந்ததும் டிஸ்குகளின் வரிசை எண் மாறியிருக்கிறது. என் நிரல் எண்ணை மட்டும் நம்பி, அவருடைய டிஸ்கின் மேல் எழுதிவிட்டது. இது எந்த டிஸ்க் என்று சரிபார்க்கும் வரியை நான் எழுதியிருக்கவில்லை.

"என்ன இருந்தது அண்ணை?"

"அம்மா ஃபோனில கதைச்சது. ரெண்டு வருசமாப் பதிஞ்சு வைச்சனான்."

அவருடைய அம்மா போன மாதம்தான் இறந்தார். இவரால் ஊருக்குப் போக முடியவில்லை.

"வேற கொப்பி இருக்கோ?"

"இல்லை. அது எடுக்கத்தானே இண்டைக்குக் கொண்டுவந்தனான்."

திட்டுவார் என்று நின்றேன். ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு மெட்ரோவுக்கு நடந்துவிட்டார். மேலாளர் வந்து திரையைப் பார்த்து, "பிராவோ!" என்றார்.

அண்ணையிடம் ஃபோனில் கேட்டு, டிஸ்கைக் கழற்றி வைத்திருக்கிறேன். அழிந்த ஒலிக்கோப்பை மீட்கத் தெரிந்தவர் மொன்றியலில் இருந்தால் எழுதுங்கள். கை வைப்பதற்கு முன் இது யாருடையது என்று கேட்கும் ஆளாக இருந்தால் நல்லது.